நடுவருக்குப் பெயர் கிடையாது

என் வீட்டுக்காரர் அப்ரம் ரெம்பல் கணக்குப் பேராசிரியர். பேராசிரியர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலுக்கு ஒரு பூட்ஸ், இன்னொரு காலுக்கு வேறு ஜோடி பூட்ஸ் என்று மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிற ஆள். நான் கனடாவில், இதே வின்னிபெக் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பஸ் நிறையப் பிள்ளைகள் போடும் கூச்சல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்த ஒரு மனுஷன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு மண்டை காய்ந்துவிடும்.

நிரூபிக்காத எதையும் வாயால் சொல்ல மாட்டார். சூப்பில் உப்பு சரியா என்று கேட்டால், இன்னொரு கிண்ணம் குடித்தால்தான் சொல்ல முடியும் என்பார். என் தம்பி ஹாக்கியில் எந்த அணி ஜெயிக்கும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இந்த ஆளோடு பந்தயம் கட்டுவதும் தந்திக்கம்பத்தோடு கட்டுவதும் ஒன்று என்று விட்டுவிட்டான். என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட, காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, 'ஆகையால்' என்று முடித்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அந்தச் சிரிப்போடேயே சரி என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஸ்டைன்பாக் பக்கத்துப் பன்றிப் பண்ணையில் பிறந்தவர். மெனோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். அந்தச் சனங்களிடம் ஒரு கட்டுப்பாடு, தன் பெருமையைத் தானே சொல்லக்கூடாது. அவர் அப்பா விளைச்சலில் முதல் பரிசு வாங்கிவந்து அதை விதை மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தவர். எங்கள் உக்ரேனிய வீட்டில் ஒருவன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாலே தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவான். இப்படி இரண்டு ஜாதி ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் பண்ணினோம்.

அவருடைய கணக்கு என்ன என்று எனக்கு ஒரே ஒரு தடவை விளக்கினார். எனக்கு அது போதும். ஜனவரி மாதம், ஏரி உறைந்து கிடக்கிறது. நடுவில் மீன்பிடிக்கிறவன் குடிசை. அதிலிருந்து ஒருவன் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வெளியே வருகிறான். கால் போன பக்கம் போகிறான், திரும்புகிறான், மறுபடி போகிறான். அவன் கரையை முதலில் எந்த இடத்தில் தொடுவான்? அந்தக் குடிகாரன் பின்னாலேயே போய்ப் பார்ப்பது நிகழ்தகவு. குடிகாரனை விட்டுவிட்டு, ஏரியையே ரப்பர் துணி மாதிரி இழுத்து வளைத்து வட்டமாக்கி, அதில் பதிலைப் படித்துக்கொள்வது கலப்பெண் பகுப்பாய்வு. இரண்டும் ஒரே பதிலைத்தான் தருமாம். அதைச் சொல்லும்போது அப்ரமுக்குக் கண் பளபளத்தது. எனக்கு அந்தக் குடிகாரன் வீட்டுக்காரியை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.

கரை ஒழுங்காக இருக்கிற ஏரிக்கெல்லாம் அப்ரம் இளவயதிலேயே பதில் சொல்லிவிட்டார். அதை வைத்துத்தான் வேலை கிடைத்தது, பேரும் கொஞ்சம் வந்தது. கரை கிழிந்து, கிழிசலுக்குள் கிழிசலாகப் போய்க்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியைத் தானே கேட்டு, தானே அதில் மாட்டிக்கொண்டார். கலப்பெண்காரர் குடிகாரன் பின்னால் போக ஆரம்பித்தது அப்போதுதான். பழைய சகாக்கள் இவன் சூதாடிகளோடு சேர்ந்துவிட்டான் என்றார்கள். நிகழ்தகவுக்காரர்கள் இவர் அந்தப் பக்கத்து ஆள் என்றார்கள். இரண்டு வீட்டுக்கும் சொந்தம், இரண்டு வீட்டிலும் தட்டு வைக்கவில்லை. மாநாடுகளில் தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கேள்வியோடு எத்தனையோ வருஷம் போனது. காலையில் சமையலறை மேசையில் உட்காருவார். நான் வீட்டுக்குக் கொண்டுவரும் பழைய பஸ் வழித்தடத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார், கிழிப்பார். பாதி வழி வந்துவிட்டது, இன்னும் பாதிதான் என்பார். அந்தப் பாதி வரவேயில்லை. கல்லூரியில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தலைவர் ஆனார்கள், விருது வாங்கினார்கள். இவருக்குக் கிடைத்ததெல்லாம் பாடத்திட்டக் குழுவும், வண்டி நிறுத்தும் இடத்துக்கான குழுவும்.

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போதுதான் அந்தக் கட்டுரை வந்தது.

கணக்குக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு கட்டுரை எழுதி அனுப்பினால், ஆய்விதழ்காரர்கள் உடனே அச்சடிக்க மாட்டார்கள். விஷயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி வரிவரியாகப் பார்க்கச் சொல்வார்கள். அவர்தான் நடுவர். கூலி கிடையாது. அவர் யார் என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். அவரும் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது. அப்படி ஒரு கட்டுரை அப்ரமுக்கு வந்தது. எழுதியது ஓடெட் சவார் என்ற பெண். ஹாலிஃபாக்ஸில் தற்காலிக வேலையில் இருந்தவள். கட்டுரை எதைப் பற்றி என்றால், கிழிந்த கரை.

எனக்கு அவர் சொல்லவில்லை. மூன்று நாள் சாப்பாட்டில் கையே வைக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நான் பிரோகிக்கு, அதாவது எங்கள் உக்ரேனியக் கொழுக்கட்டைக்கு, மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். உருட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது சொல்கிறாயா இல்லையா என்றேன். நடுவர் சொல்லக்கூடாது என்றார். பெண்டாட்டியிடம் சொன்னால் சொன்னதாகாது என்றேன். இது நிரூபணம் இல்லை என்று முணுமுணுத்தார். அப்புறம் சொல்லிவிட்டார்.

அவருக்கு வராத பாதி அந்தப் பெண்ணுக்கு வந்திருக்கிறது. அவர் நினைத்தே பார்க்காத ஒரு வழி. அழகாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். ஆனால் அவளுடைய நிரூபணத்தின் நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கிற சாமான் உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் இருந்தது. எங்கள் சமையலறையில், பஸ் தாள்களின் பின்பக்கத்தில்.

நான் மாவுக் கையோடு உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் கேட்டேன். இப்போது என்ன செய்வாய்? ஓட்டை இருக்கிறது, சரியில்லை என்று திருப்பி அனுப்பலாம், அது பொய்யும் இல்லை என்றார். அனுப்பிவிட்டு, அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது தன்னுடையதை எழுதலாம். அவளுடைய வழியைப் பார்த்தாயிற்று, இனி பாராததுபோல் இருக்க முடியாது, அதுதான் சங்கடம் என்றார். அவளுக்கு அந்த வருஷம் நிரந்தர வேலைக்கான முடிவு வரும் என்றும், இந்தக் கட்டுரை நின்றால்தான் அவள் நிற்பாள் என்றும் சொன்னார்.

"இல்லன்னா?" என்றேன்.

"இல்லன்னா ஓட்டைய எப்படி அடைக்கிறதுன்னு நானே எழுதி அனுப்பிடலாம்."

"அப்ப உன் பேரு?"

"நடுவருக்குப் பேரு கிடையாது, ஸ்டெஃபா."

எனக்கு வந்ததே கோபம். வீட்டைக் கட்டி, சாவியையும் கொடுத்துவிட்டு, வாசலில் பேர்கூட எழுதாமல் தெருவில் நிற்கப் போகிறாயா என்று கத்தினேன். ஆய்விதழ்காரனுக்குச் சொல், இரண்டு பேரும் சேர்ந்து போடலாம் என்று கேள் என்றேன். கட்டுரையைப் பிடித்துக்கொண்டு பங்கு கேட்பதா, அதற்குப் பேர் வழிப்பறி என்றார். அவளாகக் கேட்டால் வேறு. அவளுக்குத்தான் நான் யாரென்றே தெரியாதே என்றார். நான் பிரோகியைக் கொதிக்கிற தண்ணீரில் எறிந்த வேகத்தில் அடுப்பெல்லாம் தண்ணீர்.

அவர் எழுதி அனுப்பினார். அவளுடைய கட்டுரையைவிட அறிக்கை நீளம். கடைசித் தாளை முடித்த காலை, மேசையைத் துடைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து காபி குடித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்து, முடி வெட்டிக்கொண்டாயா என்று கேட்டார். வெட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டுரை வெளிவந்தது. முடிவில் ஒரு வரி இருந்தது, ஓட்டையை அடைத்துக் கொடுத்த, பெயர் அறியாத நடுவருக்கு நன்றி என்று. ஓடெட்டுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பரிசுகூடக் கிடைத்தது. அப்ரம் ஓய்வுபெற்ற அன்று துறையில் ஒரு கேக் வெட்டினார்கள். தலைவர் பேசினார். வண்டி நிறுத்துமிடக் குழுவில் ரெம்பல் ஆற்றிய பணியை யாரும் மறக்க மாட்டார்கள் என்றார். நான் கேக்கை அப்படியே மேசையில் வைத்தேன். அப்ரம் என் துண்டையும் சேர்த்துத் தின்றார்.

அதைவிடக் கொடுமை அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில். இளம் வாத்தியார்கள் இரண்டு பேர் கையில் பானத்தோடு, 'நடுவர் துணைத்தேற்றம்' என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன அது என்று கேட்டேன். சவாரின் கட்டுரையில் ஒரு துண்டு, அதுதான் உயிர், எழுதிக் கொடுத்த புண்ணியவான் யாரென்று தெரியாததால் உலகம் முழுக்க அதற்கு அப்படித்தான் பேர் என்றார்கள். நான்கு அடி தள்ளி அப்ரம் காய்கறித் தட்டிலிருந்து செலரித் தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் அவரிடம் கேட்டேன், உனக்கு வலிக்கவில்லையா என்று.

கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்தார். அப்புறம், "வலிக்குது" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் நான் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

போன மார்ச்சில் ஓடெட் சவாரை எங்கள் ஊர்க் கல்லூரிக்குப் பேச அழைத்தார்கள். அப்ரம் போக மாட்டேன் என்றார். முழங்கால் வலி, பனி வழுக்கும், கதவில் எண்ணெய் போட வேண்டும். நான் குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க வண்டிக்கு மாட்டியிருந்த மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, எஞ்சினைச் சூடாக்கி, ஹாரனை அழுத்திப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்ததும் வெட்கப்பட்டு வந்து ஏறிக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் ஒரு முடிவோடுதான் போனேன். சொல்லக்கூடாது என்பது அவருக்கு. எனக்கு யார் நடுவர் வேலை கொடுத்தார்கள்? பேச்சுக்கு முன்னால் எல்லாரும் தேநீருக்குக் கூடும்போது அந்தப் பெண்ணை ஓரங்கட்டி, நேராகப் போட்டு உடைத்துவிடுவது.

ஓடெட் நாற்பது வயதுக்குள்தான் இருப்பாள். குட்டை முடி, ஸ்வெட்டர் முழங்கையில் சாக்பீஸ் தூள். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து உள்ளே விழுந்து, விரலால் எடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துப்போனது, அதுவே எரிச்சலாகவும் இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அப்ரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. ஹாலிஃபாக்ஸில் குளிர் எப்படி என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என்மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அப்ரம் முதல் வரிசையில் உட்கார்ந்தார். விளக்கை மங்கலாக்கினால் ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார், அது ஊரறிந்த விஷயம். ஆனால் ஓடெட் திரை எதுவும் போடவில்லை. பழைய ஆட்கள் மாதிரி கரும்பலகையில் எழுதினாள். ஏரி, குடிகாரன், கரை எல்லாம் வந்தது. அப்ரம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், தூங்கும்போது அவர் கட்டைவிரல் ஆடாது.

பாதிப் பேச்சில் அவள் இன்னொரு பலகைக்குப் போனாள். நடுவர் துணைத்தேற்றம் என்று தலைப்புப் போட்டாள். வேகமாக எழுதிக்கொண்டே போனாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இரண்டொருவர் குறிப்பெடுத்தார்கள். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

அப்ரம் கண்ணைத் திறந்தார். ஒரு தப்பு பலகையில் நிற்பதை அந்த மனுஷனால் தாங்க முடியாது. ஓட்டலில் பில் பின்னால் எழுதின கூட்டலானாலும் சரி, சர்ச்சில் பாட்டு எண் போட்ட பலகையானாலும் சரி, தன்னையறியாமல் வாய் திறந்துவிடும்.

"மூணாவது வரி நிக்காதும்மா. கரைக்கு அவ்வளவு கிட்டப் போனா அளவு கைவிட்டுப்போயிடும். முதல்ல அந்தக் குடிகாரன உள்ளயே ஒரு வளையத்துல நிறுத்தணும், அங்கேருந்து மறுபடி நடக்க விடணும். அப்பதான் நாலாவது வரி வரும்."

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஓடெட் திரும்பவில்லை. பலகையைப் பார்த்தபடியே நின்றாள். அப்புறம் மெதுவாகத் திரும்பினாள். யாராவது அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றியது, அப்படி வெளுத்திருந்தாள்.

"இந்தப் பேச்ச நான் நிறைய ஊர்ல பேசிட்டேன்," என்றாள். "எல்லா ஊர்லயும் அந்த வரிய வேணும்னே தப்பாத்தான் எழுதினேன். தப்பு இருக்குன்னு ரெண்டு மூணு பேரு கண்டுபிடிச்சாங்க. எப்படிச் சரியாகும்னு ஒருத்தரும் உட்கார்ந்த இடத்துலேருந்து சொன்னதில்ல. சொல்லவும் முடியாது. துணைத்தேற்றம் அச்சுல வந்துச்சு, ஆனா இந்த வழி வரல. அச்சுல நான் வேற மாதிரி மாத்தி எழுதினேன். அந்த வளையம் எனக்கு வந்த அறிக்கைல மட்டுந்தான் இருக்கு. அத எழுதினவருக்குத்தான் தெரியும்."

அப்ரமின் காது இரண்டும் பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டன. நாற்காலியில் நெளிந்தார். என் பக்கம் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"நான் சும்மா ஊகிச்சேன்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. வாழ்நாளில் சூப்பில் உப்பைக்கூட ஊகிக்காத மனுஷன். துறையில் அவரோடு இருந்த கிழங்களும் சிரித்தார்கள், அவர்களுக்கும் தெரியும். வண்டி நிறுத்துமிடக் குழுவைப் புகழ்ந்த தலைவர் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றாகப் பிளக்கட்டும் என்று விட்டேன்.

ஓடெட் அவர் முன்னால் வந்து நின்றாள். அடுத்த கட்டுரை எழுதி வைத்திருப்பதாகவும், அது முழுக்க அந்தத் துணைத்தேற்றத்தின் மேல்தான் நிற்கிறது என்றும், தன் பேரை மட்டும் போட்டு அனுப்பக் கை வராமல் அப்படியே வைத்திருப்பதாகவும் சொன்னாள். கணக்குக்காரர்கள் கட்டுரையில் பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை, பேரை ஆங்கில எழுத்து வரிசையில்தான் போடுவார்கள். ரெம்பலுக்கு அப்புறம்தான் சவார்.

"நான் இன்னும் எதையும் ஒத்துக்கல," என்றார் அப்ரம். "வெளிய சொல்லக்கூடாது. அது வழக்கம்."

"நீங்க ஒண்ணும் ஒத்துக்க வேணாம். பலகையில ஒரு வரி தப்பா இருக்கு. அத மட்டும் சரிபண்ணிக் குடுங்க." சாக்பீஸை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. திரும்பி என்னைத் தேடினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எதற்கும் என்னிடம் அனுமதி கேட்டவர் இல்லை, கேட்காமலே தப்புப் பண்ணிவிட்டு வந்து நிற்பவர். அன்றைக்குக் கேட்டார், கண்ணால். பயந்துபோயிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேர் வராதது வலித்தது. பேர் வருவது அதைவிடப் பயமாக இருந்தது.

"போ, அப்ரம்," என்றேன். "நீ பெருமையடிக்கப் போகல. தப்பத் திருத்தப் போற."

எழுந்து போனார். மூன்றாவது வரியை ஸ்வெட்டர் கையால் அழித்தார், நான் பின்னின ஸ்வெட்டர். எழுத ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. அந்தப் பலகை நிறைந்து அடுத்த பலகைக்குப் போனார். ஓடெட் அவருக்கு முன்னால் ஓடி ஓடி அழித்துக் கொடுத்தாள். இடையில் அவள் ஏதோ கேட்டாள், அவர் பதில் சொன்னார், அவள் இன்னொரு சாக்பீஸை எடுத்துப் பக்கத்திலேயே எழுதினாள். இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள். பேச்சுக்கு ஒதுக்கிய நேரம் எப்போதோ முடிந்துபோயிருந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கடைசி வரியை எழுதி, நிரூபணம் முடிந்ததற்கு அடையாளமாக அடியில் கட்டம் போட்டார். சாக்பீஸை வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். மறுபடி பலகைப் பக்கம் திரும்பி அந்த வரியை ஒருமுறை படித்துப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ஆமா," என்றார். "இது நான் பண்ணதுதான்."

நான் அழுதுவிட்டேன். வெட்கமே இல்லாமல், சத்தமாக, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரின் கைக்குட்டையைப் பிடுங்கி.